கோபத்துக்கு எத்தனை மார்க்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் மல்லி விவசாயிகள் இணையதளத்தைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். எந்தப் பதிவு மேலே வர வேண்டும், எதை நீக்க வேண்டும் என்ற விதிகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று. வழக்கமாக மண்புழு உரமும் சொட்டுநீர் மானியமும் கேட்கிறவர்கள் இந்தத் தடவை மொத்தமாக அதைப் பிடித்துக்கொண்டார்கள். வந்ததில் பாதி வாட்ஸ்அப் குரல் பதிவு. பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தத்தோடு கேட்டு எழுதியிருக்கிறேன், சொல் மாறியிருந்தால் மன்னிக்கவும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: எனக்குச் சிலைமான் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லி. அதற்கு முன்னால் பதினாலு வருடம் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று தளம் போடுகிற கணக்கெல்லாம் நான் எழுதியது. ஆகவே திட்டும் எனக்குத்தான் சேர வேண்டும்.

மேடம், மொட்டுப்புழுவுக்கு நான் என்னென்ன செய்தேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து படத்தோடு எழுதினேன். மறுநாள் பார்த்தால் மூன்றாவது பக்கத்தில் கிடக்கிறது. "இன்னைக்கு கிலோ என்ன போகுது?" என்று ஒருத்தர் ஒரு வரி போட்டது மேலே நிற்கிறது. இது நியாயமா?
– விவசாயி, திருமங்கலம்

நியாயமே இல்லை. தப்பு என் கணக்கில்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு காலைப்பொழுது நின்றிருந்தால் இது சுலபமாக விளங்கும். விடிவதற்கு முன் மொட்டாக வந்து இறங்கிய மல்லிக்கு இருக்கிற விலை, வெயில் ஏறி வாய் விரிந்த பிறகு கிடைப்பதில்லை. பூ அதேதான், நேரம் அதன் விலையைத் தின்றுவிடுகிறது. பதிவுகளை வரிசைப்படுத்துகிற கணக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஹேக்கர் நியூஸ் என்று 2007-ல் தொடங்கிய ஓர் அமெரிக்கத் தளம் இருக்கிறது. கணினிக்காரர்கள் கூடிப் பேசுகிற இடம். அவர்களுடைய அடிப்படைக் கணக்கு ஊரறிந்தது. ஒரு பதிவு வாங்கிய வாக்குகளில் ஒன்றைக் கழித்துவிடு. அது எழுதியவரின் சொந்த வாக்கு. பதிவுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து அதோடு இரண்டைக் கூட்டி, 1.8 அடுக்குக்கு உயர்த்து. முதலாவதை இரண்டாவதால் வகு. வருகிற எண் பெரிதாக இருந்தால் பதிவு மேலே. அடுக்கு பெரிதாக ஆக, பழைய பதிவு வேகமாகக் கீழே போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த விலைப் பதிவுக்கு 10 வாக்கு. பத்து மணி நேரத்துக்கு முன் வந்த உங்கள் மொட்டுப்புழுப் பதிவுக்கு 40 வாக்கு. 1.8 அடுக்கில் விலைப் பதிவுக்கு 1.25 கிடைக்கிறது, உங்களுக்கு 0.45தான். நாலு மடங்கு பேர் பாராட்டியும் நீங்கள் கீழே. அந்த அடுக்கை வெறும் 1 என்று வைத்துப் பாருங்கள்: 9-ஐ 3-ஆல் வகுத்தால் 3, 39-ஐ 12-ஆல் வகுத்தால் 3.25. இப்போது நீங்கள் மேலே. வாக்கு எதுவும் மாறவில்லை. நான் தட்டுகிற ஒரே ஓர் எண் மாறியது, அவ்வளவுதான்.

நான் செய்த வேலை, அந்த 1.8-ஐ அப்படியே எடுத்து எங்கள் தளத்தில் ஒட்டியது. அவர்களுக்கு அது செய்தி. நேற்றையது இன்றைக்குப் பழசு. மல்லி விலையும் அப்படித்தான், காலை விலை மதியத்துக்கு உதவாது. மொட்டுப்புழு அப்படியா? இந்த வருடம் எழுதியது அடுத்த வருடமும் வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் போட்டது என் சோம்பேறித்தனம்.

இப்போது எழுதும்போதே "விலை", "பயிர்" என்று இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். விலைக்குப் பழைய வேகம், பயிருக்கு அடுக்கு ஒன்றுக்கும் கீழே. அதோடு வேறொரு விவசாயி "எனக்கும் பலித்தது" என்று குறித்தால் பதிவின் வயது அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். முதலில் எந்தப் பதில் வந்தாலும் வயது புதுப்பிக்கிற மாதிரி வைத்திருந்தேன். இரண்டே நாளில் "நன்றி அண்ணே", "அருமை அண்ணே" என்று நண்பர்கள் முறைவைத்து எழுதி ஒரு பதிவைக் கீழே இறங்கவே விடவில்லை. நம் ஆட்களுக்கு விதியின் ஓட்டையைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

மதுரையில் பிறந்துவிட்டு அமெரிக்கக் கணக்கு எதற்கு அக்கா? பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகை இருக்கிறதே, நல்ல நூலைத் தாங்கும், மற்றதைத் தள்ளும்!
– வாசகர், செல்லூர்

பலகைக்கு வாட்ஸ்அப் குரூப் கிடையாது தம்பி. "எல்லாரும் போய் நம்ம சித்தப்பா நூலுக்கு ஒரு லைக் போட்டு வாங்க" என்று யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

நல்ல பதிவுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். சண்டை என்றால் நூறு பேர். அதுதான் எப்போதும் முதல் பக்கத்தில். அந்தச் சண்டைப் பதிவுகளை எடுத்துவிடக் கூடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்

ஐயா, எடுக்கலாம். எடுத்தால் "ஏன் எடுத்தாய்" என்று இன்னொரு சண்டைப் பதிவு வரும், அது முன்னதைவிட மேலே போகும். பார்த்துவிட்டேன்.

போன வருடம் ஒரு சாயங்காலம் ஒருவர் "நாளையிலிருந்து கமிஷன் கூட்டுறாங்களாம்" என்று எழுதினார். யார் சொன்னது, எந்தக் கடை, ஒன்றும் இல்லை. ராத்திரிக்குள் நூற்றுக்கும் மேல் பதில்கள். முக்கால்வாசி வசவு, கால்வாசி அந்த வசவுக்கு வசவு. இரண்டு நாள் அந்தப் பதிவு உச்சியில் நின்றது. காரணம் தேடி என் கணக்கைத் திறந்து பார்த்தால் வெட்கமாகிவிட்டது: ஒரு பதிலை ஒரு விருப்ப வாக்குக்குச் சமமாக எண்ணும்படி நானே எழுதியிருந்தேன். "பொய் சொல்லாதே" என்று எழுதியவரெல்லாம் அந்தப் பொய்யை ஒரு படி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஃபேஸ்புக் 2017-ல், இதயம், சிரிப்பு, கோபம் போன்ற முகக்குறி ஒவ்வொன்றையும் ஐந்து லைக்குக்குச் சமமாக வைத்தது. கோபமுகம் அதிகம் விழுகிற பதிவுகளில் பொய்த் தகவலும் விஷமும் கூடுதலாக இருப்பதை அவர்களுடைய ஆட்களே கண்டுபிடித்தார்கள். படிப்படியாகக் குறைத்து 2020-ல் கோபத்துக்குப் பூஜ்யம் என்றார்கள். மூன்று வருடம் பிடித்தது. எனக்கு இரண்டு நாளில் புத்தி வந்ததற்கு, ஊரே என்னைக் கேள்வி கேட்டதுதான் காரணம்.

இப்போது பதில்களுக்கு வரிசையில் மதிப்பு இல்லை. விருப்ப வாக்கைவிடப் பதில்கள் வெகுவாகக் கூடிப்போனால் பதிவு தானாகக் கீழே சரியும். சூடேறிய விவாதத்தை இறக்குகிற இந்த வழக்கம் ஹேக்கர் நியூஸிலும் உண்டு. ஒரே விவாதத்தில் ஒருவர் அடுத்த பதில் போடப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பாதிப் பேருக்கு எழுத வந்தது மறந்துவிடுகிறது. இதையெல்லாம் செய்த பிறகு நாங்கள் நீக்க வேண்டிய பதிவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நீக்கு நீக்கு என்று எங்களிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு, "இது ஏன் என் கண்ணில் முதலில் படுகிறது" என்பதுதான் உண்மையான அர்த்தம்.

பிடிக்காத பதிவுக்கு எதிர்வாக்குப் போட வசதி வேண்டும். இல்லாவிட்டால் எப்படித்தான் எதிர்ப்பைக் காட்டுவது?
– பூ வியாபாரி, மதுரை

வசதி இருந்தது. காலையில் ஒரு கடைக்காரருக்கும் இன்னொருவருக்கும் விலையில் வாய்த்தகராறு என்றால், மாலைக்குள் ஒருவரின் பதிவுகளெல்லாம், அவர் மகள் கல்யாணத்துக்கு அழைத்தது உட்பட, எதிர்வாக்கு வாங்கிக் கீழே போகும். எடுத்துவிட்டோம்.

மறுபடி கொண்டுவரப் போகிறோம், ஆனால் காசு கேட்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி பதில் தளத்தில், நீங்கள் ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால் எழுதியவருக்கு இரண்டு புள்ளி போகும், உங்களுக்கும் ஒரு புள்ளி போகும். எதிர்வாக்குப் போடுகிற உரிமையே 125 புள்ளி சேர்த்தவருக்குத்தான். கையை விட்டு ஒன்று போகும் என்றால் மனிதர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் மானூரில், பாண்டியன் மாறன்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 1,200 வருடம் பழையது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று விதி சொல்கிற கல்வெட்டு. அதில், எதைப் பேசினாலும் "கூடாது, கூடாது" என்றே முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை போகிறவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று இருக்கிறது. துணை போகிறவருக்கும் சேர்த்து! அந்தச் சபையில் உட்கார்ந்து நொந்துபோன யாரோ ஒருவர்தான் இந்த விதியை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவரைச் சந்திக்க வேண்டும்போல் இருக்கிறது.

அக்கா, வாக்கு சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் முடிந்ததே? எதற்கு இவ்வளவு சுற்று?
– புள்ளியியல் மாணவி, மதுரை

உங்கள் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. ஒரு பதிலுக்கு நாலு பேர் வாக்களித்து நாலும் ஆதரவு: நூற்றுக்கு நூறு. இன்னொன்றுக்கு நூறு பேர் வாக்களித்து 90 ஆதரவு: தொண்ணூறு. சதவீதப்படி முதலாவதுதான் மேலே. நீங்கள் எதை நம்பி மருந்தடிப்பீர்கள்? உண்மையான ஆதரவு எந்த எல்லைக்குள் இருக்கும் என்று மதிப்பிட 1927-ல் எட்வின் வில்சன் கொடுத்த இடைவெளிக் கணக்கை எடுத்து, 95 சதவீத நம்பிக்கையில் அதன் கீழ் எல்லையைப் பாருங்கள். நாலுக்கு நாலு வாங்கியது 0.51-க்கு இறங்கிவிடும், நூற்றுக்குத் தொண்ணூறு 0.83-ல் நிற்கும். குறைவான சாட்சி இருந்தால் குறைவாக நம்பு என்பதை அந்தக் கணக்கு தானே செய்துகொள்கிறது. ரெடிட் என்ற விவாதத் தளம் 2009-ல் கருத்துகளை இப்படி வரிசைப்படுத்தத் தொடங்கியது. எங்கள் பயிர்ப் பகுதியில் பதில்களுக்கு இதுதான். லீவில் வந்தால் வீட்டுக்கு வா, ப்ரோகிராம் சரிபார்க்க ஆள் வேண்டும்.

நெறியாளர்கள் எல்லாம் உங்கள் ஆட்கள்தானே? எல்லாரும் சிலைமான், விரகனூர். உசிலம்பட்டிக்காரன் எழுதினால் மட்டும் கத்தரி விழுகிறது.
– பெயர் வேண்டாம் என்றவர்

முதல் பாதி உண்மை. ஐந்து நெறியாளர்களில் நாலு பேர் எனக்குத் தெரிந்தவர்கள், ஒருவர் என் ஓர்ப்படி. ஆரம்பத்தில் சும்மா செய்ய வேறு யார் வருவார்கள்? இரண்டாவது பாதியை எண்ணிப் பார்த்தேன். கத்தரி விழுந்ததில் உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பதிவுகள் கூடுதலாகத்தான் இருந்தன. வேண்டுமென்று செய்யவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சு எங்கள் ஓர்ப்படிக்கு அதட்டலாகப் பட்டிருக்கிறது. ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உங்களுக்கு என்ன ஆறுதல்?

சித்திரையிலிருந்து குலுக்கல். உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும், சோழன் பராந்தகன் காலம், ஊர் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த விதம். முப்பது குடும்பு, அதாவது ஊர்ப் பிரிவு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுப்பது. நாம் பள்ளிக்கூடத்தில் குடத்தோடு நிறுத்திவிடுகிறோம். எனக்குப் பிடித்தது அதன் தடைகள். மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைப் போடக் கூடாது. இருந்தபோது கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய உறவினர்களும் கூடாது. ஸ்லாஷ்டாட் என்ற தளமும் இதற்குப் பக்கத்தில் வந்தது: பொதுவான உறுப்பினர்களில் சிலரைக் கணினி குலுக்கலாகத் தேர்ந்து, பிறர் கருத்தை ஏற்றவோ இறக்கவோ ஐந்து புள்ளி கொடுக்கும், மூன்று நாளில் காலாவதி. முக்கியமானது, எந்த விவாதத்தில் நீ பேசினாயோ அதில் நீ நடுவராக முடியாது.

இரண்டையும் கலந்து எங்கள் விதி: மாதம் ஏழு பேர், குலுக்கலில், ஒன்றியத்துக்கு ஒருவருக்கு மேல் கிடையாது. முடித்தவர் ஒரு வருடம் விலக வேண்டும். என் ஓர்ப்படி இப்போது என்னோடு பேசுவதில்லை. அது தனிக்கதை.

திருமலை நாயக்கர் மகால் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். முகவரியை எழுதினாலே "தகாத சொல்" என்று தடுக்கிறதே, ஏன்?
– மாலைக் கடைக்காரர், மதுரை

சிரிக்காமல் பதில் எழுத முயற்சிக்கிறேன். வசவுச் சொற்பட்டியல் ஒன்று வைத்தோம், அதில் "நாய்" உண்டு. ஆட்கள் புள்ளியை விட்டு எழுதித் தப்பிப்பதால், ஒப்பிடும் முன் மெய்யெழுத்துப் புள்ளிகளை நீக்கிவிடும்படி எழுதினேன். புள்ளி போனால் நாய் "நாய" ஆகும். நாயக்கர், நாயகன், நாயனம், எல்லாவற்றுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. மன்னரே மாட்டிக்கொண்டார். ராஜபாளையம் நாய் வளர்ப்பவர் ஒருவர் முதலிலேயே மாட்டி, பேசாமல் போய்விட்டாராம்.

இதே பட்டியலில் சாதிப் பெயர்களையும் சேர்க்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். முடியாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறவரின் பதிவை உடனே எடுப்போம், அதில் பேச்சே இல்லை. ஆனால் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வருகிறவரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. தலித் மக்களைத் தடுத்து நின்று, 2008-ல் ஒரு பகுதி இடித்து வழி திறக்கப்பட்ட உத்தப்புரம் சுவரைப் பற்றி ஒருவர் எழுதினால் பட்டியல் என்ன செய்யும்? திட்டியவரையும் திட்டு வாங்கியவரையும் ஒன்றாகத் தூக்கி வெளியே போடும். இப்போது பட்டியல் எதையும் தடுப்பதில்லை. நெறியாளர் பார்வைக்கு ஒரு கொடி ஏற்றும், அவ்வளவே. உங்கள் முகவரி இனி வரும்.

யாரோ எழுதியதற்கு உங்களைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்களா?
– வாசகி, மேலூர்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு எங்களைப் போன்ற இடைநிலையாளருக்குப் பாதுகாப்பு தருகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகும் எடுக்காமல் இருந்தால் அது போய்விடும்; 2015-ல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அப்படித்தான் தெளிவுபடுத்தியது. 2021-ல் வந்த விதிகளின்படி புகார் வாங்குகிற அலுவலரின் பெயர் தளத்தில் இருக்க வேண்டும். இருக்கிறது, அதுவும் நான்தான்.

என் பதிவை நீக்கினீர்கள். சரி. நீக்கியதையாவது சொல்லியிருக்கலாம் இல்லையா அம்மா?
– விவசாயி, செல்லம்பட்டி ஒன்றியம்

ஐயா, இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்றதை எழுதி முடிக்காமல் இதற்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

மற்ற வாசகர்களுக்கு, நடந்தது இது. இந்த விவசாயி ஒரு கடையில் வாங்கிய மருந்து போலி என்று, கடைப் பெயரோடு எழுதினார். ஆதாரம் இல்லாமல் பெயர் போட்டதால் வழக்கு வருமோ என்று பயந்தேன். நீக்கினால் வாதம் பண்ணுவாரே என்று, நீக்காமல் மறைத்தேன். அப்படி ஒரு வசதி உண்டு: எழுதியவர் கண்ணுக்கு மட்டும் பதிவு தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. அதை விளம்பரக்காரர்களுக்காக வைத்திருந்தேன். தெரியாமல் அந்த ஒரு பதிவோடு நிற்காமல் அவருடைய பயனர் கணக்கின் மேலேயே போட்டுவிட்டேன். மூன்று வாரம் அவர் எழுதியது எதுவும் யாருக்கும் போகவில்லை. செடி கருகுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். படம் போட்டிருக்கிறார். ஒருவரும் பதில் சொல்லாததால், ஊரே தன்னை ஒதுக்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார். தளத்தில் இருந்த ஒரு பையன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்து "ஏன் பெரியப்பா எழுதுறதே இல்லை?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அந்த வசதியை விளம்பர இயந்திரங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவிட்டேன். இனி எது நீக்கப்பட்டாலும் எழுதியவருக்கு எந்த விதி, எந்த வரி என்று செய்தி போகும். அவர் மறுத்துக் கேட்டால், நீக்கியவர் அல்லாத இன்னொரு நெறியாளர் பார்ப்பார். நீக்கிய பட்டியல் மாதக் கடைசியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்கப்படும், நான் நீக்கியதும் சேர்த்து.

உங்கள் பதிவு கடைப் பெயர் மட்டும் இல்லாமல் மறுபடி ஏறியிருக்கிறது ஐயா. கீழே பதினேழு பேர், அதே மருந்து, அதே மாதிரி கருகல் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் வேளாண் அலுவலகத்துக்குப் புட்டியோடு போயிருக்கிறார்கள். நான் இரண்டு முறை போன் பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டது, கவாத்து வேலையில் இருப்பீர்கள். முடித்துவிட்டு எடுங்கள்.